எஸ்எல்சி27ஏ4 ஜீன்: கொழுப்ப உறிஞ்சுற வேலை குடல்லயா, தோல்லயா?

கேள்வி | பிப்ரவரி 4, இரவு 9:12

எச்சில் துப்பி அனுப்பற டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட்ல "கொழுப்பு உறிஞ்சுதல்: அதிகம்"னு சிவப்புல போட்டு கீழ எஸ்எல்சி27ஏ4ன்னு ஒரு ஜீன் பேரு இருக்கு. தேடிப் பாத்தா குடல்ல கொழுப்ப உள்ள இழுக்கற முக்கியமான புரதமே இதுதான்னு வருது. அப்போ இத மட்டும் அடைச்சிட்டா நெய் சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாதுதானே? மாத்திரை ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 4, இரவு 11:05

ஒட்டும். மாத்திரையும் கிடையாது. அப்படி ஒண்ணு வந்தாலும் நான் பக்கத்துல கூட போக மாட்டேன். ஏன்னா இந்த ஜீன் முழுசா கெட்டுப்போனா மொதல்ல பாதிக்கறது குடல் இல்ல, தோல். அதுவும் பிறக்கறதுக்கு முன்னாடியே, வயித்துக்குள்ள இருக்கும்போதே.

கொழுப்பமிலம் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக் கூடத்துல செல் வளக்கற வேலை கொஞ்ச காலம் பாத்திருக்கேன். எங்க வீட்ல ஒரு குழந்தைக்கு இக்தியோசிஸ், அதாவது தோல் செதில் செதிலா வர்ற பரம்பரை நோய், இருக்கு, வேற ஜீன்தான், ஆனா அதனால இந்தப் பக்கம் நிறைய படிச்சிருக்கேன். அதனால இத அரைகுறையா விட மனசு வரல. நாளைக்கு விரிவா எழுதறேன். அதுவரைக்கும் அந்த ரிப்போர்ட்ட வச்சு சாப்பாட்ட மாத்தாதீங்க.

பிப்ரவரி 5, காலை 7:30

முதல்ல குடல் கதை, ஏன்னா நீங்க தேடிப் பாத்தது பொய் இல்ல, பழசு.

நம்ம சாப்பிடற எண்ணெய், நெய் எல்லாம் ட்ரைகிளிசரைடு. கணையத்துல இருந்து வர்ற லைபேஸ் அத உடைச்சு ரெண்டு கொழுப்பமிலம், ஒரு மோனோகிளிசரைடுன்னு ஆக்கும், பித்தநீர் அத கரைச்சு சிறுகுடல் செல் பக்கத்துல கொண்டு போகும். செல்லுக்குள்ள போனதும் மறுபடி ட்ரைகிளிசரைடா கட்டி, கைலோமைக்ரான்னு உருண்டையாக்கி, நிணநீர் வழியா அனுப்பிடும். நல்லா இருக்கற குடல் சாப்பிட்ட கொழுப்புல 95 சதவீதம் போல உள்ள எடுத்துக்கும். அதாவது எல்லாருக்குமே "கொழுப்பு உறிஞ்சுதல்: அதிகம்"தான். அந்த சிவப்பு எழுத்து யாருக்கு வேணாலும் பொருந்தும்.

இதுல அந்த கொழுப்பமிலம் செல் சவ்வ எப்படி தாண்டுதுங்கறதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு. 1999ல ஸ்டால், லோடிஷ் எல்லாம் சேந்த குழு, எஃப்ஏடிபி4ங்கற புரதம் சிறுகுடல் செல்லோட உணவு பாக்கற பக்கத்துல நிறைய இருக்கு, அத குறைச்சா எலியோட குடல் செல்லுங்க எடுத்துக்கற கொழுப்பமிலமும் குறையுதுன்னு காட்டினாங்க. அந்த புரதத்துக்கான ஜீன்தான் எஸ்எல்சி27ஏ4, மனுஷனுக்கு 9வது குரோமோசோம்ல, நீளமான கையோட கடைசிப் பக்கம். 643 அமினோ அமிலம் உள்ள புரதம். அப்ப எல்லாரும் குடலோட கொழுப்பு வாசல் கிடைச்சிருச்சுன்னு நம்பினாங்க, உடம்பு எடை குறைக்கற மருந்துக்கு இதுதான் இலக்குன்னு பேச்சு வந்துச்சு. நீங்க படிச்சது இந்தக் காலத்து தகவல்.

அடுத்து என்ன பண்ணுவாங்க, அந்த ஜீன எலில எடுத்துப் பாப்பாங்க. பாத்தாங்க.

பிப்ரவரி 5, மதியம் 1:50

தொடர்ச்சி. 2003ல வேற வேற இடத்துல இருந்து ஒரே நேரத்துல முடிவு வந்துச்சு. செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மைனர் குழு குடல பத்தி யோசிக்கவே இல்ல, அவங்க கிட்ட தானா வந்த ஒரு எலி வகை இருந்துச்சு, பிறக்கும்போதே தோல்ல ஒரு மடிப்பு சுருக்கம் இருக்காது, அதனால அதுக்கு ரிங்கிள் ஃப்ரீன்னு பேரு வச்சிருந்தாங்க. எலிக்குட்டி பிறந்த உடனே பாத்தவங்களுக்கு தெரியும், இளஞ்சிவப்பா, தொளதொளன்னு, கழுத்துலயும் கால் மடக்கற இடத்துலயும் மடிப்பு மடிப்பா தோல் இருக்கும். இந்தக் குட்டிங்களுக்கு தோல் தடிச்சு, இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பா பளபளன்னு இருக்கும், கால நீட்ட முடியாது, மூச்சு விட நெஞ்சு விரியாது, தோல் வழியா தண்ணி போயிட்டே இருக்கும், சீக்கிரமே செத்துடும். காரணமான ஜீன தேடிப் போனா எஸ்எல்சி27ஏ4, நடுவுல ஒரு ரெட்ரோட்ரான்ஸ்போசான், அதாவது தன்னையே பிரதி எடுத்து இடம் மாறற டிஎன்ஏ துண்டு, வந்து செருகி கெடுத்து வச்சிருக்கு. அதே வருஷம் ஜெர்மனில ஹைடல்பர்க் பக்கம் ஒரு குழு வேணும்னே இந்த ஜீன எடுத்துட்டு பாத்தா அதே விறைப்புத் தோல், அதே சாவு.

குடல் என்னாச்சுன்னு பாக்கறதுக்கு குட்டி உயிரோட இருந்தாதானே? அதனால மைனர் குழு ஒரு வேலை பண்ணுச்சு. தோல் செல்லுல மட்டும் நல்ல ஜீன திருப்பி வச்சாங்க. குட்டிங்க பொழைச்சிடுச்சு. இப்ப குடல்ல எஃப்ஏடிபி4 சுத்தமா இல்லாத, வளந்த எலி கையில இருக்கு. 2009ல வந்த முடிவு: கொழுப்பு உறிஞ்சுறது வழக்கம் போலவே இருக்கு. கொழுப்பு கூடின தீனி போட்டும் அப்படித்தான்.

நீங்க கேட்ட "அடைச்சிட்டா ஒட்டாதா"வுக்கு இதுக்கு மேல நேரடியான பரிசோதனை இருக்க முடியாது.

பிப்ரவரி 5, இரவு 10:20

"எலி வேற மனுஷன் வேற"ன்னு கீழ ஒரு அண்ணன் போட்டிருக்கார். நியாயமான கேள்வி. அதுக்கு பதில் நார்வேலயும் ஸ்வீடன்லயும் இருக்கு. நாளைக்கு.

பிப்ரவரி 6, இரவு 9:40

நடு நார்வேலயும் அத ஒட்டின ஸ்வீடன் பகுதியிலயும் பிள்ளைப்பேறு பாக்கற டாக்டருங்களுக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு. அம்மாவுக்கு ஒரு குறையும் இருக்காது. கர்ப்பத்துல பனிக்குட நீர் அளவுக்கு மேல இருக்கும், ஸ்கேன்ல அந்த நீர்ல துகள் துகளா மிதக்கறது தெரியும். பெரும்பாலும் 30, 32 வாரத்துலயே பிரசவம் ஆயிடும். குழந்தையோட தோல் தடிச்சு, நொசநொசன்னு, பாலாடைக்கட்டி அப்பின மாதிரி வெளுப்பா இருக்கும், தலையிலயும் புருவத்துலயும் அதிகமா. பிறந்த உடனே மூச்சுத் திணறும். அதுக்கு காரணம் நுரையீரல் முதிராதது மட்டும் இல்ல, உதிர்ந்த தோல் கலந்த நீர குழந்தை உள்ள இழுத்திருக்கும், அது மூச்சுக் குழாய அடைச்சிருக்கும். அந்த முதல் சில மணி நேரம் ரொம்ப ஆபத்தான நேரம்.

அதத் தாண்டிட்டா? இத முதல் தடவை படிச்சப்ப நான் திரும்பத் திரும்ப படிச்சேன். அந்த தடிச்ச தோல் சில வாரத்துல உதிர்ந்து போயிடும். குழந்தை தேறிடும். வளந்த பிறகு வறண்ட தோல், மயிர்க்கால் மயிர்க்காலா சொரசொரப்பு, அரிப்பு, ரத்தத்துல ஈசினோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளையணு கூடுதல், நிறைய பேருக்கு ஆஸ்துமா மாதிரி ஒவ்வாமை. இவ்வளவுதான் மிச்சம். பிறக்கும்போது அவ்வளவு மோசமா இருந்தவங்க பெரியவங்களானதும் தெருவுல பாத்தா கண்டுபிடிக்க முடியாது. மத்த இக்தியோசிஸ் வகைங்களோட பழகினவங்களுக்கு இது எவ்வளவு வித்தியாசமானதுன்னு புரியும்.

இதுக்கு இக்தியோசிஸ் ப்ரீமெச்சூரிட்டி சிண்ட்ரோம்னு பேரு. தோல் துண்ட எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா மேல் அடுக்கு செல்லுக்குள்ள மூணடுக்கு சவ்வு சுருட்டி சுருட்டி கிடக்கும், முன்னாடி இந்த அடையாளத்த வச்சுதான் உறுதி பண்ணினாங்க. 2009ல ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழக குழு, கிளாரும் டாலும் இருந்த குழு, காரணமான ஜீன கண்டுபிடிச்சது. எஸ்எல்சி27ஏ4. எலிய பத்தி மேல எழுதினேனே, அதே ஜீன்.

அந்த ஸ்காண்டிநேவிய குடும்பங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது ஒரே ஒரு எழுத்து மாற்றம். புரதத்துல 168வது இடத்துல சிஸ்டீன் வரணும், அதுக்கு பதிலா "நிறுத்து"ங்கற குறி வந்துடுது. 643ல 168லயே நின்னா அந்தப் புரதத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. ரொம்ப தலைமுறைக்கு முன்னாடி யாரோ ஒரே முன்னோர்கிட்ட இருந்து வந்த மாற்றம், அந்தப் பகுதியில கிட்டத்தட்ட 50ல ஒருத்தர் இத ஒரு பிரதியா சுமக்கறாங்க (ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு பிரதி, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு). ஒரு பிரதி மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டும் கெட்டாதான் நோய். அம்மா, அப்பா ரெண்டு பேரும் அந்த ஊர்க்காரங்களா இருந்தா, ரெண்டு பேருமே சுமக்கறவங்களா இருந்து குழந்தைக்கு ரெண்டு கெட்ட பிரதியும் வர்றது 4ல ஒண்ணுங்கறதால, கணக்கு 50 பெருக்கல் 50 பெருக்கல் 4, அதாவது 10,000 குழந்தைக்கு ஒண்ணுன்னு வரும். மத்த இடத்துல இது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

இப்ப அண்ணன் கேட்டதுக்கு வர்றேன். இவங்க எல்லாரும் எஃப்ஏடிபி4 வேலை செய்யாத மனுஷங்க. இந்த நோயோட அறிகுறிப் பட்டியல்ல தோல் இருக்கு, மூச்சு இருக்கு, ஒவ்வாமை இருக்கு. கொழுப்பு செரிக்காம வயித்தால போறது இல்ல. தாய்ப்பால் குடிச்சு, வெண்ணெயும் மீனும் தின்னு வளந்திருக்காங்க. தாய்ப்பால்ல வர்ற கலோரில பாதி கொழுப்புல இருந்துதான் வருது, குடல் கதவு நிஜமாவே மூடியிருந்தா குழந்தை தேறியே இருக்காது.

பிப்ரவரி 7, காலை 6:55

"அப்போ 1999 ஆராய்ச்சி தப்பா"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படி சொல்ல மாட்டேன். அவங்க பாத்தது உண்மை: புரதம் குடல்ல நிறைய இருக்கு, குறைச்சா செல் எடுக்கறது குறையுது. ஆனா அது இல்லாம உடம்பு சமாளிச்சுக்கும்ங்கறது முழு எலிலதான் தெரியும். எஃப்ஏடிபி குடும்பத்துல மொத்தம் 6 பேரு, கொழுப்பமிலத்த பிடிக்கற சிடி36ன்னு வேற ஒரு புரதம், அது போக கொழுப்பமிலம் சவ்வ தானாவே தாண்டும்னு ஒரு கட்சி. குடலுக்கு வழி நிறைய. தோலுக்குதான் வேற வழி இல்ல போல.

பிப்ரவரி 7, இரவு 11:30

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, நீளமாதான் போகும். இந்தப் புரதம் நிஜமா என்ன பண்ணுது?

1994ல இந்தக் குடும்பத்தோட முதல் புரதம் எப்படி கிடைச்சதுன்னா, ஷாஃபர், லோடிஷ் ரெண்டு பேரும் கொழுப்பு செல்லோட ஜீன் பிரதிங்கள எல்லாம் எடுத்து குரங்கு சிறுநீரக செல்லுங்கள்ல கலந்து வச்சாங்க. அப்புறம் பச்சையா ஒளிர்ற சாயம் ஒட்டின கொழுப்பமிலத்த ஊத்தினாங்க. எந்த செல் அதிகமா ஒளிருதோ அத மெஷின் வச்சு பொறுக்கி, உள்ள என்ன ஜீன் இருக்குன்னு பாத்தாங்க. ரெண்டு கிடைச்சது. ஒண்ணு எஃப்ஏடிபி. இன்னொண்ணு அசைல் கோஏ சிந்தடேஸ், அதாவது கொழுப்பமிலத்தோட கோஎன்சைம் ஏங்கற ஒரு சின்ன மூலக்கூற ஒட்ட வைக்கற சாதாரண நொதி. சவ்வுல ஓட்டை போட்டு எதையும் கடத்தாத நொதி கூட அதே சல்லடைல மாட்டியிருக்கு! அன்னிக்கே இதுல ஒரு துப்பு இருந்திருக்கு.

இந்த சாயம் ஊத்தற வேலைய நானும் செஞ்சிருக்கேன். சுலபமா தோணும், ஊத்து, காத்திரு, ஒளிய அளந்துடு. ஆனா கொழுப்பமிலம் பிசுபிசுப்பு புடிச்ச சாமான், தட்டுல ஒட்டும், செல்லுக்கு வெளிப்புறம் ஒட்டும், அதெல்லாம் சேந்து ஒளிரும். அதனால ஐஸ்ல வச்ச ஆல்புமின்ங்கற ரத்தப் புரதக் கரைசல ஊத்தி ஊத்தி அலசணும், ஆல்புமின் வெளிய ஒட்டினத கழட்டி எடுத்துக்கும். கொஞ்சம் மெதுவா அலசினா உள்ள போனதும் திரும்ப வெளிய வந்துடும். வேகமா அலசினா செல்லே பிடி விட்டு மிதந்து போயிடும். அந்த அலசல் முடிஞ்சு மைக்ராஸ்கோப்ல வச்சா செல்லோட ஓரத்துல ஒளி இருக்காது, உள்ள வலைவலையா, அங்கங்க சொட்டு சொட்டா ஒளிரும். நாம "உள்ள போனது"ன்னு அளக்கறது உண்மைல "உள்ள போய் மாட்டிக்கிட்டது". இந்த வித்தியாசம் கையால செஞ்சாதான் உறைக்கும்.

2006ல ஜெர்மனில ஃபுல்லெக்ரூக் குழு சொன்னது இதுக்கு அப்படியே பொருந்துச்சு. எஃப்ஏடிபி4 செல்லோட வெளிச்சவ்வுல இல்ல, செல்லுக்குள்ள இருக்கற எண்டோபிளாச வலைங்கற சவ்வு அமைப்புல இருக்கு. அதுவே ஒரு அசைல் கோஏ சிந்தடேஸ். உள்ள வந்த கொழுப்பமிலத்துக்கு ஏடிபி, அதாவது செல்லோட சக்தி, செலவழிச்சு கோஎன்சைம் ஏ ஒட்டிடும், அப்புறம் அது திரும்பிப் போக முடியாது. உள்ள கொழுப்பமிலத்தோட அளவு குறையறதால வெளிய இருந்து இன்னும் வந்துட்டே இருக்கும். டவுன் பஸ்ல கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ"ன்னு நடுவுல நகத்திட்டே இருந்தா படியில இருந்து ஆளுங்க ஏறிட்டே இருப்பாங்க, ஆனா வாசல் கண்டக்டர் கையில இல்ல. எஃப்ஏடிபி4 பாக்கறது அந்த வேலை.

சவ்வுலயும் கொஞ்சம் இருந்து நேரடியாவும் கடத்துதுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. எஃப்ஏடிபி1க்கு இன்சுலின் வந்தா சவ்வு பக்கம் நகருதுன்னு 2002லயே காட்டியிருக்காங்க, அத சும்மா ஒதுக்க முடியாது. ஆனா எஃப்ஏடிபி4 விஷயத்துல நான் நொதிக் கட்சி. காரணம் தோல்.

பிப்ரவரி 9, மாலை 5:15

ஒரு நாள் வேலை அதிகம். தோலுக்கு வர்றேன்.

நம்ம தோலோட மேல்படலத்துல செத்த செல்லுங்களுக்கு நடுவுல கொழுப்பு அடுக்கு இருக்கு, தண்ணி உள்ள இருந்து ஆவியா போகாம தடுக்கறது அதுதான். அந்த அடுக்குல முக்கியமான ஆளு அசைல்செராமைடு, செராமைடுங்கற கொழுப்பு வகையில ஒண்ணு. இதோட ஒரு கை சாதாரண கொழுப்பமிலம் மாதிரி 16, 18 கார்பன் இல்ல, 30க்கு மேல கார்பன் இருக்கற அதிநீளமான சங்கிலி. அந்த சங்கிலியோட கடைசி முனையில ஒரு லினோலெயிக் அமிலம் ஒட்டியிருக்கும். உடம்புல வேற எங்கயும் இவ்வளவு நீள சாமான் இந்த அளவுக்கு தேவைப்படாது. இந்த நீளச் சங்கிலிய செராமைடுல கோக்கணும்னா முதல்ல கோஎன்சைம் ஏ ஒட்டணும். அந்த ஒட்டற வேலைய தோல்ல செய்யறது எஃப்ஏடிபி4னு ஜப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல கிஹாரா குழு 2020ல காட்டினாங்க. ஜீன் இல்லாத எலிக்குட்டியோட தோல்ல அசைல்செராமைடு நல்லா குறைஞ்சிருக்கு.

இத படிச்சதும் எனக்கு எல்லாம் ஒரு வரிசைல வந்து நின்னுச்சு. குடல்ல 16, 18 கார்பனுக்கு கோஎன்சைம் ஏ ஒட்ட வேற நொதி நிறைய இருக்கு, ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் பாத்துக்குவார். 30 கார்பன் சங்கிலிக்கு தோல்ல அப்படி மாத்தாள் பத்தாது. தடுப்பு அடுக்கு சரியா அமையலன்னா தோல் தடிச்சு ஈடு கட்டப் பாக்குது. வயித்துக்குள்ள அது பனிக்குட நீர்ல ஊறி உதிர்ந்துட்டே இருக்கு.

பிப்ரவரி 9, இரவு 8:00

லினோலெயிக் அமிலம்னு சொன்னேன்ல, ஒரு கிளைக் கதை. 1929ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத தீனி போட்டு எலி வளத்தாங்க. வாலும் காலும் செதில் செதிலா ஆச்சு, வளர்ச்சி நின்னுச்சு. அத விட முக்கியம், எலிங்க தண்ணி அதிகமா குடிச்சுச்சு, ஆனா சிறுநீர் அதுக்கேத்த மாதிரி கூடல. தண்ணி எங்க போச்சு? தோல் வழியா. கொழுப்புல சிலது சாப்பாட்டுல வந்தே ஆகணும்னு உலகத்துக்கு தெரிஞ்சது இந்த எலிங்களாலதான். கொழுப்ப முழுசா நிறுத்தறேன்னு கிளம்பறவங்க இந்த எலிய ஒரு தடவை நினைச்சுக்கணும்.

பிப்ரவரி 10, காலை 8:10

ஒரு அக்கா கேட்டது: "அப்போ செதில் தோல் குழந்தைக்கு லினோலெயிக் இருக்கற எண்ணெய் தடவினா சரியாயிடுமா? தேங்காயெண்ணெய் போதுமா?"

அக்கா, எண்ணெய்ல லினோலெயிக் அளவு ரொம்ப மாறும். சாதாரண சூரியகாந்தி எண்ணெய்ல 60 சதவீதம் போல, நல்லெண்ணெய்ல 40, தேங்காயெண்ணெய்ல வெறும் 2. ஆனா ஜீன் குறைல வர்ற இக்தியோசிஸ்ல சரக்கு இல்லாம போகல, கோக்கற கை இல்லாம போச்சு. மேல எவ்வளவு தடவினாலும் அது அசைல்செராமைடா மாறாது. ஈரப்பதம் நிக்கும், வழவழப்பு வரும், அரிப்பு கொஞ்சம் அடங்கும், அந்த அளவுக்கு உதவி. எங்க வீட்டுக் குழந்தைக்கு குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் போட்டாகணும், துடைச்சு காய விட்டா அப்புறம் எத்தன தடவினாலும் பிடிக்காது. யூரியா க்ரீம் வெடிப்புல பட்டா எரிஞ்சு கத்துவா, அதனால வெடிப்பு இருக்கற நாள்ல வெறும் வாசலின்தான். பச்சக் குழந்தைக்கு யூரியா, சாலிசிலிக் எதையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க, அந்தத் தோல் வழியா மருந்து ரத்தத்துல நிறைய இறங்கிடும். தோல் டாக்டர் சொல்லி போடுங்க.

பிப்ரவரி 13, இரவு 10:45

கேள்வி கேட்ட தம்பி அந்த ரிப்போர்ட் பக்கத்த போட்டோ எடுத்து போட்டிருக்கார். பாத்தேன். அதுல இருக்கறது ஜீன் கெட்டுப்போன மாற்றம் இல்ல, நிறைய பேர்கிட்ட இருக்கற ஒரு எழுத்து வித்தியாசம். இது மாதிரி ஒண்ண வச்சு 2004ல ஸ்வீடன்ல ஆரோக்கியமான ஆம்பளைங்க சில நூறு பேர்கிட்ட ஒரு ஆய்வு வந்துச்சு, 209வது இடத்துல கிளைசினுக்கு பதில் செரின் ஒரு பிரதி இருக்கறவங்களுக்கு பிஎம்ஐ, இன்சுலின் எல்லாம் கொஞ்சம் கம்மின்னு. அது சராசரில தெரிஞ்ச தொடர்பு. அதுல இருந்து "உங்க குடல் கொழுப்ப அதிகமா உறிஞ்சும்"னு ஒரு தனி ஆளுக்கு எழுதித் தர எந்த வழியும் இல்ல. காசு வாங்கிட்டு இப்படி சிவப்புல எழுதி ஒருத்தர ராத்திரி தூங்க விடாம பண்றது எனக்கு நிஜமாவே கோவம் வருது.

மாத்திரை: 2000களோட நடுவுல எஃப்ஏடிபி4ஐ தடுக்கற மூலக்கூறுங்கள மருந்துக் கம்பெனி வேதியியல்காரங்க தயாரிச்சுப் பாத்தாங்க. மருந்தா கடைக்கு வரல. கொழுப்பு உறிஞ்சறத குறைக்க கடைல இருக்கறது ஆர்லிஸ்டாட், அது இந்தப் புரதத்த தொடவே தொடாது, லைபேஸ தடுக்கும். கொழுப்பு உடையாததால 30 சதவீதம் போல அப்படியே மலத்துல போகும். எண்ணெய் கசியும், அவசரமா ஓடணும், ஏ, டி, இ, கே வைட்டமினும் கூடவே குறையும். நெய் "ஒட்டாம" போறதுக்கு உடம்பு கேக்கற விலை இது.

பிப்ரவரி 20, காலை 9:25

கடைசியா வந்த கேள்வி, நடு நார்வேல ட்ரான்ட்ஹைம்ல இருக்கற ஒரு தங்கச்சி, நாலு மாச கர்ப்பம், அந்த ஊர்ல இந்த நோய் அதிகம்னு படிச்சதும் பயந்துட்டேன்னு எழுதியிருக்காங்க.

பயப்படாதம்மா. அந்த ஊர்ல இருக்கறதால வராது, அந்த ஊர் பரம்பரைல வந்தாதான் அந்த 50ல ஒண்ணு கணக்கு. நீயும் உன் வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்துப் பக்கம்னு எழுதியிருக்க, அந்த நார்வே மாற்றம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்ப குறைவு. ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியயும் இதே ஜீன்ல வேற மாற்றங்களோட குடும்பங்கள் கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா விரல் விட்டு எண்ற மாதிரிதான்.

நீ மருத்துவச்சிகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குன்னா அது சொந்தத்துல கல்யாணமாங்கறது. மாமா பையன், அத்தை பையன்னா, இது மட்டும் இல்ல, ரெண்டு பிரதியும் கெட்டாதான் வர்ற எந்த நோய்க்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். குடும்பத்துல யாருக்காவது பிறவியிலயே செதில் தோல் இருந்தா அதையும் சொல்லு. அப்படி இருந்தா இக்தியோசிஸ் ஜீன் பேனல்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, எஸ்எல்சி27ஏ4 அந்தப் பட்டியல்ல சேந்திருக்கான்னு மட்டும் ஒரு தடவை கேட்டுக்கோ. ரெண்டுமே இல்லன்னா வழக்கமான ஸ்கேன் போதும், பனிக்குட நீர் அளவ அதுல எப்பவும் பாப்பாங்க.